அலைக்கற்றை ஏலத்தில் இறங்குவது எப்படி: சிங்கப்பூரை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

2001ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நான்கு 3ஜி உரிமங்கள் ஏலத்துக்கு வந்தன. கேட்டு வந்தவர்கள் மூன்றே தொலைபேசி நிறுவனத்தார்: சிங்டெல், எம்1, ஸ்டார்ஹப். ஏலமே நடக்கவில்லை. ஆளுக்கு அடிப்படை விலையான 100 மில்லியன் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) கட்டி உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். பதினைந்து ஆண்டு கழித்து, 2016 டிசம்பரில், புதிதாக வரும் ஒரு நிறுவனத்துக்கென்று ஒதுக்கிவைத்த ஒரே ஒரு அலைக்கற்றைத் தொகுப்பு, அதாவது கைத்தொலைபேசிச் சேவைக்கான வானொலி அலைவரிசைகளின் தொகுப்பு, ஏலத்துக்கு வந்தது. அடிப்படை விலை 35 மில்லியன். களத்தில் இருந்தவர்கள் டிபிஜி, மைரிப்பப்ளிக் என இரண்டு பேர். டிபிஜி அதை 105 மில்லியனுக்கு எடுத்தது.

மூன்று பேர் நின்றும் விலை ஒரு காசு ஏறவில்லை. இரண்டு பேர் நின்று மூன்று மடங்கு ஏறிற்று. அலைக்கற்றை ஏலத்தைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த இரண்டு சம்பவங்களைத்தான். வாங்குகிறவருடைய ஆசை விலையை முடிவு செய்வதில்லை. கடைசியாக வெளியேறுகிறவர் எதுவரை தாங்குவார் என்பதுதான் முடிவு செய்கிறது. அதனால் ஏல வேலையில் முக்கால்வாசி முதல் சுற்றுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

நான் கைத்தொலைபேசி வலையமைப்புகளைத் திட்டமிடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். ஒரு ஆலோசனை நிறுவனத்துக்காக, இந்த வட்டாரத்தில் ஏலங்களுக்குத் தயாராகும் குழுக்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஏலக் குழுவில் புதிதாகச் சேரும் பொறியாளர், கணக்காளர், இந்தத் துறையை ஆராயும் மாணவர் ஆகியோருக்காகத் தமிழில் ஒரு முழு விளக்கம் வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

படி 1: எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்வது

அலைக்கற்றையை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. இந்த அலைவரிசையில், இத்தனை ஆண்டுக்கு, இந்த நிபந்தனைகளோடு ஒலிபரப்பலாம் என்ற உரிமையைத்தான் வாங்குகிறோம். தவணை முடிந்தால் அது அரசிடமே திரும்பிவிடும். சிங்கப்பூரில் அதைக் கையாள்வது தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம், சுருக்கமாக ஐஎம்டிஏ. 2016 அக்டோபருக்கு முன்பு ஐடிஏ என்ற பெயரில் இருந்த அமைப்பு இந்த வேலையைப் பார்த்தது.

எல்லா அலைவரிசையும் ஒன்றல்ல. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற கீழ்ப்பட்டை அலைகள் தூரம் போகும், சுவரைத் துளைக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கிக்குள்ளும் அடித்தளக் கார் நிறுத்தத்திலும் அழைப்பு அறுந்துபோகாமல் இருப்பதற்கு அவை வேண்டும். ஆனால் அவற்றில் அகலம் குறைவு. 2.5 கிகாஹெர்ட்ஸ், 3.5 கிகாஹெர்ட்ஸ் போன்ற மேல்பட்டைகளில் அகலம் தாராளம். அதனால் வேகமும் கொள்ளளவும் கிடைக்கும், ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். சிங்கப்பூர் போன்ற ஊரில் பரப்பளவு ஒரு பிரச்சினையே இல்லை. கட்டடங்களின் உள்பக்கம்தான் பிரச்சினை. பரந்த நாடுகளில் கீழ்ப்பட்டைக்குக் கிராமங்களால் மதிப்பு வருகிறது என்றால், இங்கே கான்கிரீட்டாலும் எம்ஆர்டி ரயில் சுரங்கங்களாலும் வருகிறது. வெளிநாட்டு ஏல விலையை அப்படியே எடுத்து இங்கே பொருத்திப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் வழுக்குகிறார்கள்.

இன்னொன்று, அண்டை வீட்டுக்காரர்கள். உட்லண்ட்ஸிலிருந்து மலேசியாவின் ஜோகூர் பாருவையும், தெற்குக் கரையிலிருந்து இந்தோனேசியாவின் பாத்தாமையும் கண்ணால் பார்க்கலாம். கண்ணால் பார்க்க முடிகிற இடத்துக்கு அலையும் போகும், அங்கிருந்தும் வரும். 2017 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸை எடுத்தவர்களால் அதை மறுநாளே பயன்படுத்த முடியவில்லை. அந்தப் பட்டையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இங்கே அனலாக் ஒளிபரப்பு நின்றது 2019 ஜனவரியில். மலேசியாவில் அதே ஆண்டு அக்டோபரில். இந்தோனேசியாவில் அதற்கும் வெகுநாள் பிடித்தது. விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், ‘எந்தத் தேதியிலிருந்து இது உண்மையாகவே நம் கைக்கு வரும்?’ என்று எழுதிவையுங்கள். அந்தத் தேதி அடுத்த கணக்கில் மில்லியன் கணக்கான வெள்ளியாக மாறும்.

படி 2: விதிப் புத்தகத்தை வரி வரியாகப் படிப்பது

ஏலத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே ஐஎம்டிஏ பொதுக் கருத்துக் கேட்பு நடத்தும். எத்தனை தொகுதி (விற்பனைக்காக வெட்டிய அலைவரிசைத் துண்டு), ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம், புதியவருக்கு ஒதுக்கீடு உண்டா, அடிப்படை விலை என்ன என்பதெல்லாம் அங்கேயே உருவாகின்றன. நிறுவனங்கள் எழுத்து மூலம் கொடுக்கும் பதில்கள் பொதுவில் வெளியாகும். என் கணிப்பில், ஏலத்தின் முதல் சுற்று இதுதான். எதிராளி எதற்காக வாதாடுகிறார் என்பதிலிருந்து அவருக்கு எது வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு பதிலையும் விடாமல் படியுங்கள்.

விதிகளில் நான்கு விஷயங்களை முதலில் தேடுங்கள். உச்சவரம்பு எவ்வளவு. முன்வைப்புத் தொகையும் வங்கி உத்தரவாதமும் எவ்வளவு, எந்த நாளுக்குள். வலையமைப்பை எவ்வளவு விரைவாக விரிக்க வேண்டும் என்ற கட்டாயம் என்ன. ஒரே குழுமத்தைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள் தனித்தனியாக நிற்கலாமா. கட்டாயங்களை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020இல் 5ஜி உரிமை பெற்றவர்கள் 2022 முடிவதற்குள் குறைந்தது பாதித் தீவுக்கும், 2025 முடிவதற்குள் தீவு முழுவதற்கும் 4ஜி வலையமைப்பைச் சாராமல் தனித்தியங்கும் 5ஜி சேவையைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவு ஏல விலைக்கு மேல் வருவது.

அந்த 5ஜி ஒதுக்கீடு ஏலமே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 3.5 கிகாஹெர்ட்ஸில் இரண்டு முழு வலையமைப்புகளுக்குத்தான் போதிய இடம் இருந்தது. ஐஎம்டிஏ திட்ட அறிக்கைகளைக் கேட்டு, மதிப்பெண் போட்டு, சிங்டெலுக்கும் ஸ்டார்ஹப்–எம்1 கூட்டணிக்கும் தலா 100 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தது. அதிக விலை கொடுப்பவர் யார் என்பதைவிட, வலையமைப்பின் தரமும் பாதுகாப்பும் பெரிதாகத் தெரியும்போது அரசு இப்படிச் செய்யும். ஆகவே முதல் கேள்வியே ‘இது ஏலமா, தேர்வா?’ என்பதுதான். தேர்வுக்கு ஏலக் குழுவை வைத்துத் தயாரானால் நேரம் வீண்.

ஏலம் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டுச் செய்திகளிலிருந்தே பதில் உண்டு. ‘அலைக்கற்றை’ என்ற சொல்லை வீட்டுச் சொல்லாக்கியது இந்தியாவின் 2ஜி விவகாரம். 2008இல், முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில், 2001ஆம் ஆண்டு விலைக்கே உரிமங்கள் போயின. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. இடையில் 2010இல் நடந்த 3ஜி ஏலம் 34 நாள், 183 சுற்று ஓடி, 67,000 கோடி ரூபாய்க்கு மேல் கொண்டுவந்தது.

படி 3: நமக்கு அதன் பெறுமானம் என்ன என்று கணக்குப் போடுவது

இந்தப் படிக்கு மொத்த நேரத்தில் பாதியைக் கொடுங்கள். பெறுமானம் கணக்கிடுவதற்கு நான் நம்பும் வழி ஒன்றுதான்: இந்த அலைக்கற்றை இருந்தால் நம் செலவு என்ன, இல்லாவிட்டால் என்ன? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெறுமானம்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கீழ்ப்பட்டையில் ஒரு தொகுதி கிடைக்காவிட்டால், அதே தரத்தைக் கொடுக்க நாம் 200 அலைபரப்பு நிலையங்களைக் கூடுதலாக நிறுவ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிலையத்துக்கு நிறுவும் செலவு 150,000 வெள்ளி. வாடகை, மின்சாரம், பராமரிப்பு என்று ஆண்டுக்கு 30,000. உரிமம் 15 ஆண்டு. முதலீட்டுக்கு 8 விழுக்காடு வட்டி. பதினைந்து ஆண்டுச் செலவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 30,000ஐ ஏறத்தாழ 8.56ஆல் பெருக்க வேண்டும்: 256,800. நிறுவும் செலவையும் சேர்த்தால் ஒரு நிலையத்துக்கு 406,800. இருநூறு நிலையத்துக்கு 81 மில்லியன்.

நிற்க. தொகுதி கிடைத்தால் செலவே இல்லையா? இருக்கிற 1,000 நிலையங்களில் புதிய வானொலிக் கருவியைப் பொருத்த வேண்டும். ஒன்றுக்கு 25,000 என்றால் 25 மில்லியன். அதைக் கழித்தால் மிச்சம் 56 மில்லியன். முதல் தொகுதியின் பெறுமானம் அதுதான்.

இரண்டாவது தொகுதி? கருவி ஏற்கெனவே மேலே ஏறிவிட்டது, அந்தச் செலவு மறுபடி இல்லை. ஆனால் அது மிச்சப்படுத்தும் நிலையங்களும் குறைவு, 70 என்று வைத்தால் 28 மில்லியன். இப்போது கையில் ஒரு பட்டியல் இருக்கிறது: விலை 28 வரை இரண்டு கேட்போம், 28ஐத் தாண்டினால் 56 வரை ஒன்று கேட்போம், 56ஐத் தாண்டினால் வெளியே. ஏல அறைக்குள் போகும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய காகிதம் இதுதான்.

படி 1இல் எழுதிய தேதியை இப்போது எடுங்கள். பணத்தை இன்று கட்டி, பயன்பாடு மூன்று ஆண்டு கழித்துத் தொடங்குமானால் அதே 56 மில்லியன் 44 ஆகச் சுருங்கிவிடும். நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது தேதியை மறந்தேன். பக்கத்து மேசையில் இருந்த கணக்காளர் ஒருவர்தான் அட்டவணையின் முதல் வரியைத் தொட்டு, ‘முதல் வருஷமே வருமானம் வருதே, எப்படி?’ என்று கேட்டார். அதிலிருந்து எந்தக் கணக்கையும் பொறியாளர் ஒருவரே போட்டு முடிக்க நான் விட்டதில்லை.

சில பட்டைகளில் கணக்கு தலைகீழாகும். 3.5 கிகாஹெர்ட்ஸில் 100 மெகாஹெர்ட்ஸ் அடுத்தடுத்துக் கிடைத்தால் பெரும் மதிப்பு. அதிலே 30 மட்டும் மாட்டிக்கொண்டால் முதலுக்கே மோசம். பாதியில் நின்றுபோகும் இந்த அபாயம் இருக்கும் ஏலங்களில், முழுத் தொகுப்பாகக் கேட்க வழி இருக்கிறதா என்று விதிகளில் தேடுங்கள். இல்லையென்றால் உங்கள் உச்ச விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எதிராளிக்குக் கிடைக்காமல் செய்வதற்காகவே வாங்கலாம் என்று மேசையில் ஒருவராவது சொல்வார். அந்த ஆசைக்கு அணை போடத்தான் உச்சவரம்பும் புதியவர் ஒதுக்கீடும் வைக்கிறார்கள். அதை நான் மனதாரச் சரி என்கிறேன். பயன்படுத்தாத அலை யாருக்கும் உதவாது.

படி 4: ஏல முறையைப் புரிந்துகொள்வது

சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஏலம் புதிதல்ல. உணவங்காடி நிலையத்தில் கடைக்கு ஏலக்குத்தகை போடுபவர் மூடிய உறை முறையைப் பார்த்தவர். மற்றவர் எவ்வளவு எழுதினார் என்று தெரியாது, ஜெயித்தால் எழுதியதைக் கட்ட வேண்டும். அதிகம் எழுதிவிட்டோமோ என்ற கலக்கம் அந்த முறையோடு பிறந்தது.

கார் வாங்கியவர் சிஓஇயை, அதாவது கார் வைத்துக்கொள்வதற்கான உரிமைச் சான்றிதழின் ஏலத்தை, பார்த்திருப்பார். திங்கள் நண்பகல் தொடங்கி புதன் மாலை நான்கு மணி வரை. உங்கள் உச்ச விலையை ஏற்றலாம், இறக்க முடியாது. நீங்கள் 1,20,000 என்று எழுதியிருந்தாலும், கிடைக்காமல் போனவர்களில் அதிகம் கேட்டவரின் விலைக்கு மேல் ஒரே ஒரு வெள்ளியைத்தான் எல்லாரும் கட்டுகிறார்கள். தோற்றவர் விலையை முடிவு செய்கிறார் என்று மேலே சொன்னேனே, அது சிஓஇயில் விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

ஒரே பொருளாக இருந்தால் இப்படி இரண்டாவது விலையைக் கட்டும் முறை அழகாக வேலை செய்யும். ஆனால் போட்டியில்லாத இடத்தில் அவமானத்தில் முடியும். 1990 வாக்கில் நியூசிலாந்து இந்த முறையில், அடிப்படை விலையே வைக்காமல், அலைக்கற்றையை விற்றது. ஒரு உரிமத்துக்கு 1,00,000 நியூசிலாந்து டாலர் கேட்டவர் இரண்டாவது விலையான 6 டாலரைக் கட்டிவிட்டுப் போனார்.

பல தொகுதிகளை விற்கும்போது பெரும்பாலும் பல சுற்று ஏலம் நடக்கும். அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய இந்த முறையின் பின்னால் இருந்தவர்களில் பால் மில்க்ரோம், ராபர்ட் வில்சன் ஆகிய இருவருக்கும் 2020இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அதன் ஒரு வடிவம் கடிகார ஏலம். ஏல அதிகாரி விலையைச் சொல்வார், ஒவ்வொரு நிறுவனமும் அந்த விலைக்கு எத்தனை தொகுதி வேண்டும் என்று மட்டும் சொல்லும். கேட்பு அதிகமாக இருக்கும்வரை விலை ஏறும். எந்தத் தொகுதி யாருக்கு என்பதைக் கடைசியில் தனியாக முடிவு செய்வார்கள்.

மேலே போட்ட கணக்கோடு இதை ஓட்டிப் பார்ப்போம். நான்கு தொகுதி. நாமும், முல்லை, மருதம் என்று இரண்டு கற்பனை நிறுவனங்களும். விலை 15 மில்லியனில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறுகிறது. மூவரும் இரண்டிரண்டு கேட்கிறோம், மொத்தம் ஆறு. 24இல் மருதம் ஒன்றாகக் குறைக்கிறது, மொத்தம் ஐந்து. முல்லை அசையவில்லை. 28 வரை நாம் இரண்டு கேட்டோம், 29இல் ஒன்றுக்கு இறங்கினோம். மொத்தம் நான்கு, ஏலம் முடிந்தது. 56 மில்லியன் பெறுமான தொகுதி 29க்குக் கிடைத்தது, ஆதாயம் 27.

இப்போது பின்னால் போய்ப் பாருங்கள். 24இல் மருதம் இறங்கிய அதே சுற்றில் நாமும் ஒன்றாக இறங்கியிருந்தால் ஏலம் 24இலேயே முடிந்திருக்கும். ஆதாயம் 32. நம் உண்மையான பெறுமானம் வரை நேர்மையாகக் கேட்டதற்கு 5 மில்லியன் விலை கொடுத்திருக்கிறோம். மறுபக்கம், முல்லை 25இல் இறங்கியிருந்தால் நமக்கு இரண்டு தொகுதியும் 25 விலைக்கு வந்திருக்கும், ஆதாயம் 34. ஆகவே எப்போது குறைப்பது என்பது முல்லைக்கு இரண்டாவது தொகுதி எவ்வளவு தேவை என்ற ஊகத்தில் நிற்கிறது. அந்த ஊகத்துக்குத்தான் படி 2இல் அவர்களுடைய பதில்களை ஒன்று விடாமல் படிக்கச் சொன்னேன். அவர்கள் நிலையங்கள் எங்கே இருக்கின்றன, சந்தாதாரர் எத்தனை, கடன் எவ்வளவு என்று, அவர்கள் இடத்தில் உட்கார்ந்து படி 3ஐ அவர்களுக்காகவும் ஒரு முறை போடுங்கள்.

நடவடிக்கை விதி என்று ஒன்று உண்டு. ஒரு சுற்றில் கேட்பைக் குறைத்தால் பின்னர் கூட்ட முடியாது. சிஓஇயில் புதன் மூன்றே முக்கால் வரை வேடிக்கை பார்த்துவிட்டுக் கடைசியில் பாய்வதுபோல் இங்கே பாய முடியாது. குறைப்பது திரும்பி வராத அடி. அவசரத்தில் வைக்காதீர்கள்.

படி 5: வாயைக் கட்டுவது

விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள்வரை, மற்ற போட்டியாளர்களோடு ஏலத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசக்கூடாது. ஏல விதி ஒருபக்கம், தொலைத்தொடர்புத் துறைக்கான ஐஎம்டிஏவின் போட்டி விதிகள் மறுபக்கம். விலையைப் பேசி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். பேசாமலே பேசுவதும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது.

1999இல் ஜெர்மனியில் பத்துத் தொகுதிகள் ஏலத்துக்கு வந்தன. மன்னஸ்மன் நிறுவனம் ஐந்துக்கு மெகாஹெர்ட்ஸுக்கு 20 மில்லியன் மார்க்கும், மற்ற ஐந்துக்கு 18.18 மில்லியனும் கேட்டது. ஏன் 18.18? ஒவ்வொரு முறையும் குறைந்தது 10 விழுக்காடு ஏற்ற வேண்டும் என்பது விதி. 18.18ஐ 10 விழுக்காடு ஏற்றினால் 20. ‘அந்த ஐந்தை நீ 20க்கு எடுத்துக்கொள், இந்த ஐந்தைத் தொடாதே’ என்பது செய்தி. எதிராளிக்குப் புரிந்தது. இரண்டு சுற்றில் ஏலம் முடிந்தது. இன்றைய கடிகார ஏலத்தில் எண்ணிக்கை மட்டும் சொல்ல வைப்பதும், மற்றவர் கேட்பை மறைப்பதும் இதுபோன்ற சமிக்ஞைகளை அடைக்கத்தான்.

சிங்கப்பூர்த் தமிழர்களிடையே இந்தப் படி இன்னும் கடினம், ஏனென்றால் ஊர் சிறியது. ஒரே தொழிற்கல்லூரியில் படித்தவர்கள் மூன்று நிறுவனங்களில் இருப்பார்கள். நான் ஒரு ஏலக் குழுவில் இருந்த நேரத்தில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர் என் பழைய தோழர், எதிர்ப்பக்கக் குழுவில் இருப்பவர். பக்கத்தில் இருந்த என் அண்ணன் மகள் சும்மா இருக்காமல், “சித்தப்பா, இந்த ஏலத்துல யாருக்குக் கிடைக்கும்? நம்ம போன் பில்லு ஏறுமா?” என்று கேட்டுவிட்டாள். தோழர் ஒன்றும் சொல்லாமல் இலையோடு எழுந்து வேறு வரிசைக்குப் போனார். நான் அன்றிரவே அந்தச் சந்திப்பை, நேரம், இடம், பேசிய சொல் எல்லாவற்றோடும் எழுதி எங்கள் சட்டப் பிரிவுக்கு அனுப்பினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எழுதிவைப்பதில் கூச்சம் வேண்டாம்.

அவள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டிய ஏலத் தொகை திரும்பி வராது. மாதக் கட்டணத்தை முடிவு செய்வது சந்தையில் எத்தனை பேர் மோதுகிறார்கள் என்பது. 105 மில்லியன் கொடுத்து உள்ளே வந்த டிபிஜி, 2020இல் சேவை தொடங்கியபோது மாதம் 10 வெள்ளிக்கு 50 ஜிபி கொடுத்தது. இப்போது அதன் பெயர் சிம்பா.

படி 6: உச்ச விலையைப் பூட்டிவைத்து, ஒத்திகை பார்ப்பது

படி 3இல் வந்த பட்டியலை இயக்குநர் குழுவிடம் கொண்டுபோய், கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு ஒட்டுங்கள். ஏல நாளில் அந்த எண்ணை மாற்ற யாருக்கு அதிகாரம், எந்தக் காரணத்துக்காக மாற்றலாம் என்பதும் உறைக்குள் இருக்கட்டும். ‘எதிராளி விடமாட்டேன் என்கிறார்’ என்பது காரணம் ஆகாது. ‘இன்னொருவர் விலகியதால் தொகுதி கூடிற்று’ என்பது காரணம் ஆகலாம்.

பிறகு ஒத்திகை. குறைந்தது மூன்று முறை. உங்கள் ஆட்களையே பிரித்து, ஒரு குழுவை எதிராளியாக்கி, அவர்களுக்கு நீங்கள் ஊகித்த பட்டியலைக் கொடுங்கள். நான் மறக்காத ஒத்திகை ஒன்று உண்டு. ஜன்னல் இல்லாத அறை, வெள்ளைப் பலகையில் சுற்று எண்கள், மேசையில் ஆறிப்போன கோப்பி. குழுத் தலைவரின் உச்ச விலை 40. விலை 40ஐத் தொட்டது. அவர் பலகையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், “இன்னும் ஒரே ஒரு சுற்று, அவங்க இறங்கிடுவாங்க” என்றார். 41. பிறகு 42. 44இல்தான் நின்றார். எதிர்க் குழுவின் தாளைத் திருப்பிக் காட்டினோம். அவர்களின் உச்ச விலை 60 என்று எழுதியிருந்தது. இருபது ஆண்டு அனுபவமுள்ள மனிதர், சொந்தப் பணம் இல்லை, விளையாட்டுப் பணம். அப்படியும் கை நிற்கவில்லை. அன்றைக்குத்தான் எங்கள் குழுவில் ஒரு விதி வைத்தோம்: விலையை உள்ளிடுபவர் வேறு, உறையை வைத்திருப்பவர் வேறு.

2000ஆம் ஆண்டில் பிரிட்டனின் 3ஜி ஏலம் 150 சுற்று ஓடி 22.5 பில்லியன் பவுண்டு வசூலித்தது. ஜெர்மனி அதே ஆண்டில் 50 பில்லியன் யூரோ. வாங்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் கடன் சுமந்தார்கள். பலர் ஒரே பொருளின் பெறுமானத்தை ஊகிக்கும்போது, அதிகமாக ஊகித்தவர்தான் ஜெயிப்பார். ஜெயித்ததே தவறாக ஊகித்ததற்கு அடையாளமாகிவிடும். அதற்காக உங்கள் எண்ணிலிருந்து முன்கூட்டியே கொஞ்சம் வெட்டிக்கொள்ளுங்கள்.

படி 7: ஏல நாள்

இது சலிப்பான நாளாக இருக்க வேண்டும். பரபரப்பாக இருந்தால் முந்தைய படிகளில் எதையோ விட்டிருக்கிறீர்கள். இரண்டு இணைய இணைப்பு, இரண்டு கணினி, மாற்று இடம், ஏல அதிகாரியின் தொலைபேசி எண் தாளில். ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் எண்ணைச் சொல்ல, மற்றவர் தட்டச்சு செய்ய, மூன்றாமவர் திரையில் இருப்பதை உரக்கப் படிக்க வேண்டும். 1996இல் அமெரிக்க ஏலம் ஒன்றில் 18 மில்லியன் டாலர் போட நினைத்த நிறுவனம் 180 மில்லியன் போட்டுவிட்டது. ஒரு பூஜ்யம்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஏன் அந்த முடிவு எடுத்தோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். மூன்றாம் நாளில் களைப்பு வரும்போது முதல் நாள் யோசனை நினைவில் இருக்காது.

படி 8: முடிந்த பிறகு

2017 ஏப்ரலில் முடிந்த பொது ஏலத்தில் சிங்டெல் 563.7 மில்லியன், ஸ்டார்ஹப் 349.6 மில்லியன், எம்1 208 மில்லியன், டிபிஜி 23.8 மில்லியன் வெள்ளி என்று கேட்டு எடுத்தன. மொத்தம் 1.14 பில்லியனுக்கு மேல். இந்த நான்கு எண்களையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் எது தேவைப்பட்டது, எதற்கு எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பழகுங்கள். பொதுவில் கிடைக்கும் பயிற்சிகளில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது.

ஜெயித்திருந்தால் பணம் கட்டும் தேதி, கருவிக்கு ஆணை கொடுப்பது, அண்டை நாட்டு ஒருங்கிணைப்பு என்று வேலை அன்றே தொடங்கும். தோற்றிருந்தால் படி 3இன் ‘இல்லாவிட்டால்’ திட்டத்தை எடுங்கள். அந்த 200 நிலையங்களுக்கு இடம் தேட ஆரம்பிக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் ஒரு வாரத்துக்குள் குழுவை அதே அறையில் உட்காரவைத்து, ஒட்டிய உறையைப் பிரித்து, உள்ளே இருந்த எண்ணையும் கடைசிச் சுற்றில் நாம் கேட்ட எண்ணையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த ஏலத்துக்கு வரும் குழு முதலில் திறக்க வேண்டிய கோப்பு அதுதான்.